ஒன்பது சட்டையிலும் 'எல்' என்றுதான் இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 36 ஆண்டுகள் லேத் இயந்திரத்தில் டர்னராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துணி வாங்கும் வேலை எனக்கு வந்ததே இல்லை. என் சட்டையைக்கூட என் மனைவிதான் வாங்கி வருவார். கடந்த ஒன்றரை ஆண்டாக அவருக்கு வேண்டிய துணியை நான் வாங்குகிறேன். அதில் நான் பட்டதை எழுத உட்கார்ந்தேன், கடிதம் நீண்டுவிட்டது. சுருக்கிப் பார்த்தேன்; சொல்ல வேண்டியது விட்டுப்போகிறது. அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பயிற்சியில் கால் ஓரளவு திரும்பியது. கை திரும்பவில்லை. முழங்கை மடங்கியபடி இறுகி இருக்கும். விரல்கள் உள்ளங்கைக்குள் மூடிக்கிடக்கும். இப்படிப்பட்ட ஒருவருக்குச் சட்டை போட்டுவிடுவது எப்படி என்று இயன்முறை மருத்துவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, இழுத்தால் வலுவிழந்த தோளில் மூட்டு நழுவிவிடக்கூடும். சட்டையின் கையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அவருடைய விரல்களைக் கூட்டி உள்ளே விட்டு, முழங்கை தாண்டும்வரை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். பழகிய சட்டை என்றால் 10 நிமிடம். புதுச் சட்டைக்கு 20 நிமிடமும் ஆகும், 25 நிமிடமும் ஆகும், அதுவும் கூட இன்னொருவர் பிடித்துக்கொண்டால்.

"கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கலாமே" என்று என்னிடம் பலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். என் மனைவியால் ஒரு டிரையல் ரூமுக்குள் போய் நான்கு சட்டை மாற்றிப் பார்க்க முடியாது. ஒன்று மாற்றினாலே அன்றைக்கு முழுவதும் தோள் வலிக்கும். படுக்கையில் இருப்பவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள், வெளியூரில் இருக்கும் பெற்றோருக்கு வாங்கி அனுப்புகிறவர்கள், இவர்கள் யாருக்கும் போட்டுப் பார்க்கும் வசதி கிடையாது. இவர்களுக்கு இருக்கும் ஒரே துணை, சட்டையின் கழுத்தில் தைத்திருக்கும் அந்தச் சிறிய லேபிள்தான்.

நானும் அதை நம்பித்தான் போனேன். அலமாரியில் இருந்த அவருடைய பழைய சட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'எல்' என்று இருந்தது. முன்பக்கம் முழுவதும் பொத்தான் வைத்ததாக நான்கு சட்டைகள் வாங்கினேன். நான்கும் 'எல்'. அதில் இரண்டு ஒரே நிறுவனத்துடையவை. ஒரே மாதிரி, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு.

நீலச் சட்டை சரியாக ஏறியது. இதுதான் அளவு, கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். மறுநாள் கறுப்பைப் போட்டோம். கை ஏறிவிட்டது, பொத்தான் போட மறுபக்கத்தை இழுத்தால் இடது தோள் முன்னால் வருகிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். கழற்றிவிட்டேன். மூன்றாவது சட்டை மார்பில் தாராளமாக இருந்தது, ஆனால் அதன் கை குறுகல். முழங்கையில் போய் இறுகிக்கொண்டது. மேலே ஏற்றவும் முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை. அவருக்கு வலி தாங்கவில்லை. கடைசியில் கத்தரியை எடுத்துத் தையலைப் பிரித்துத்தான் அந்தக் கையை வெளியே எடுத்தேன். நான்காவது சட்டை நேர்மாறு. தோளைவிட்டுச் சரிந்துகொண்டே இருந்தது. மிச்சத் துணி முதுகுக்குக் கீழே மடிந்து கிடந்தது. நெடுநேரம் ஒரே நிலையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மடிப்பு அழுத்தினாலே தோல் சிவந்து புண்ணாகும். ஆக, அதையும் போட முடியாது.

கத்தரித்த சட்டையை நான் மடித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "நான் ரொம்பப் பெருத்துவிட்டேனா?"

அவருக்கு இப்போது பேச்சு குழறும். ஒரு வாக்கியம் பேச முயற்சி எடுக்க வேண்டும். அந்த முயற்சியை எடுத்து அவர் கேட்டது இதை. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதிவைக்கிறோம். ஓராண்டாக அதே 62 கிலோதான். அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினேன். பார்த்தார், நம்பியதாகத் தெரியவில்லை. லேபிளில் 'எல்' என்று போட்டிருக்கிறது, தான் எப்போதும் 'எல்' போடுகிறவள், இப்போது போகவில்லை. அப்படியானால் மாறியது தான்தானே என்று அவர் மனம் கணக்குப் போட்டுவிட்டது.

அன்று இரவு வீட்டில் இருந்த இஞ்ச் டேப்பை எடுத்தேன். துணி நாடா நாளாக நாளாக இழுபட்டு நீளும் என்பதால், முதலில் என்னுடைய ஸ்டீல் ஸ்கேலை வைத்து அதைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. புதியவை நான்கு, அலமாரியில் இருந்த பழையவை ஐந்து, ஆக ஒன்பது சட்டைகளையும் ஒவ்வொன்றாக மேஜைமேல் விரித்து, பொத்தான்களைப் போட்டு, சுருக்கம் நீவி, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்கினேன். பழையவை ஐந்தும் 38½, 39½, 40, 41, 44 அங்குலம். புதியவை நான்கும் 41½, 43, 43, 45. ஒன்பதிலும் லேபிள் ஒன்றுதான். சின்னதற்கும் பெரியதற்கும் 6½ அங்குல வித்தியாசம்.

பழையவை துவைத்துச் சுருங்கியிருக்கலாம். அதனால் அவற்றைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை என்று நினைத்தேன். புதியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 3½ அங்குலம் வருகிறது. நீலமும் கறுப்பும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை, தண்ணீரே படாதவை. அவற்றுக்கு இடையில் மட்டும் 1½ அங்குலம். மார்பு 43 என்று ஒத்துப்போன இரண்டு சட்டைகளில் ஒன்றின் கைச்சுற்று 17, இன்னொன்றின் கைச்சுற்று 13½. கத்தரி வைத்தது அந்த 13½-இல்தான்.

நான் வேலை பார்த்த இடத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் அந்த உருப்படி கழிவுத் தொட்டிக்குப் போகும். துணியில் அந்தத் துல்லியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. துணி இழுபடும், சுருங்கும், அது இரும்பல்ல. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை ஒரு நாட்டில் வாங்குங்கள், அதற்கான நட்டை வேறொரு நாட்டில் வாங்குங்கள். இரண்டும் ஒன்றில் ஒன்று சேரும். செய்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். இது தானாக வந்த ஒழுங்கு அல்ல. ஒரு காலத்தில் பட்டறைக்குப் பட்டறை மரை, அதாவது போல்ட்டிலும் நட்டிலும் வெட்டும் திருகு வரி, வேறாக இருந்தது. ஒருவர் வெட்டிய மரையில் இன்னொருவரின் நட்டு ஏறாது. 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர்தான் பல பட்டறைகளின் மரைகளைச் சேகரித்து ஒப்பிட்டு, எல்லோரும் ஒரே கோணத்தில், ஒரே கணக்கில் வெட்டுவோம் என்று முன்மொழிந்தார். தொழிற்பயிற்சியின் தொடக்கத்திலேயே எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். உடைகளின் உலகத்தில் இன்னும் 1841 வரவில்லை என்று அந்த ஒன்பது சட்டைகளையும் பார்த்தபோது தோன்றியது.

என் அண்ணன் மகள் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். அவளை வரவழைத்து நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன்.

"சித்தப்பா, 'எல்' என்பது அளவே இல்லை. அது வரிசை. சின்னது, நடுத்தரம், பெரியது என்று அந்தக் கம்பெனி தன் சட்டைகளைத் தானே வரிசைப்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். யாரோடு ஒப்பிட்டுப் பெரியது என்று அதில் இல்லை" என்றாள்.

அவள் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளர் இப்படித்தான் இருப்பார் என்று ஓர் உடம்பைத் தீர்மானித்துக்கொள்கிறது. அந்த உடம்புள்ள ஒருவரை நிறுத்தி, அவருக்குப் பொருந்துமாறு ஒரே ஒரு அளவில் சட்டையைத் தைத்துத் திருத்துகிறார்கள். மற்ற அளவுகளை யாருக்கும் போட்டுப் பார்த்துச் செய்வதில்லை. அந்த ஒன்றிலிருந்து இத்தனை அங்குலம் கூட்டு, இத்தனை அங்குலம் குறை என்று கணக்கில் போடுகிறார்கள். இதற்கு கிரேடிங் என்று பெயர். இளம் பெண்களை நினைத்துத் தைக்கும் நிறுவனத்தின் மூல உடம்பு வேறு. நடுவயதுப் பெண்களை நினைத்துத் தைக்கும் நிறுவனத்தின் மூல உடம்பு வேறு. மூலமே வேறாக இருக்கும்போது அதிலிருந்து கூட்டிக் கழித்து வரும் 'எல்' எப்படி ஒன்றாக இருக்கும்? உடம்பின் மேல் எத்தனை அங்குலம் லூஸ் விட வேண்டும் என்பதும் அவரவர் விருப்பம். மார்பு பெரிதானால் கையும் அதே விகிதத்தில் பெரிதாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

"சரி, நீலமும் கறுப்பும் ஒரே கம்பெனிதானே, ஒரே மாதிரிதானே?" என்று கேட்டேன்.

துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் விரித்து, மேலே மாதிரியை வைத்து, கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுவார்களாம். அடுக்கு உயர்ந்துவிட்டால் கத்தி லேசாகச் சாயும். மேல் அடுக்கும் அடி அடுக்கும் ஒரே அளவில் இருக்காது. பின்னல் துணி உருளையில் இழுபட்டுச் சுற்றியிருக்கும். அதை விரித்து ஒரு நாள் ஆறப்போட்டால்தான் தன் நிலைக்குத் திரும்பும். அவசரத்தில் ஆறவிடாமல் வெட்டினால், வெட்டிய பிறகு சுருங்கும். நிறத்துக்கு நிறம் சாயமேற்றும் முறை மாறினால் சுருங்கும் அளவும் மாறும். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அளவில் ஒரு விலக்கம் அனுமதிக்கிறார்கள். மார்பில் அரை அங்குலம் கூடலாம், அரை அங்குலம் குறையலாம் என்பது அவள் தொழிற்சாலையில் உள்ள வழக்கம்.

டர்னருக்குக் கணக்கு உடனே புரிந்துவிடும். ஒன்று அரை அங்குலம் கூடி, இன்னொன்று அரை அங்குலம் குறைந்து, இரண்டுமே பரிசோதனையில் தேறினால் இடையில் ஓர் அங்குலம். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள தூரமே இரண்டு அங்குலம்தான் என்றால், அதில் பாதியைத் தொழிற்சாலையிலேயே அனுமதித்துவிடுகிறோம். என் கையில் இருந்த 1½ அங்குலம் அந்த அனுமதியையும் தாண்டியது. "அது பரிசோதனையிலேயே நின்றிருக்க வேண்டும் சித்தப்பா. ஆனால் எல்லாச் சட்டையையும் அளக்க மாட்டோம். கட்டுக்குச் சிலவற்றை எடுத்துத்தான் அளப்போம்" என்றாள். அவள் மறைக்காமல் சொன்னதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அங்கே தைப்பவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட தாளில் உள்ளதை அவர்கள் தைக்கிறார்கள். கேள்வி அந்தத் தாளை எழுதுகிறவர்களிடம்.

அதற்குப் பிறகு நூலகத்தில் உட்கார்ந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்தப் பிரச்சினையைத் தீர்க்க யாரும் முயலவில்லை என்று நினைத்திருந்தேன், அது தவறு. 1939, 1940 ஆண்டுகளில் அமெரிக்காவின் வேளாண்மைத் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள். அந்தக் காலத்தில், நாடாவை வைத்துக்கொண்டு. அதைச் செய்தவர்களை நினைத்தால் மரியாதையாக இருக்கிறது. ஆனால் அதில் வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அடித்தளத்திலேயே ஒரு பகுதி மனிதர்களை விட்டுவிட்டால் அதன்மேல் எழும் அளவு எத்தனை பேருக்குப் பொருந்தும்? இருந்தாலும் அதை வைத்து 1958-இல் ஒரு தரநிலையை வெளியிட்டார்கள். வெறும் எண் மட்டுமல்ல; எண்ணோடு உயரமா, நடுத்தரமா, குட்டையா என்பதற்கு ஓர் எழுத்து, இடுப்புக்குக் கீழே அகலம் கூடுதலா குறைவா என்பதற்கு ஒரு குறி. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். 1970-இல் அதைத் திருத்தினார்கள். நிறுவனங்கள் பின்பற்றவில்லை. 1983-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

நிறுவனங்கள் ஏன் பின்பற்றவில்லை என்று படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. வாங்குகிறவர் சின்ன எண்ணைப் பார்த்தால் மகிழ்ச்சி அடைவார் என்பதற்காகவே, உடையைப் பெரிதாக்கி எண்ணைச் சிறிதாகப் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. பெண்கள் உடையில் மட்டுமல்ல. 2010-இல் அமெரிக்காவின் எஸ்கொயர் இதழ் இடுப்பு 36 அங்குலம் என்று லேபிள் போட்ட ஆண்களின் கால்சட்டைகளைப் பல நிறுவனங்களில் வாங்கி அளந்து பார்த்திருக்கிறது. மிகச் சின்னது 37, மிகப் பெரியது 41. ஒன்றுகூட 36 இல்லை. 'எல்' என்பது வரிசை என்று என் அண்ணன் மகள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். 36 வரிசை அல்லவே? அது அங்குலம். அங்குலத்துக்கு ஒரு நீளம் உண்டு. நான் வீட்டுக்குப் போய் என்னுடைய 36-ஐ அளந்தேன். 38½ இருந்தது.

இது மகிழ்ச்சி தருகிற பொய் என்கிறார்கள். யாருக்கு மகிழ்ச்சி? என் பேத்திக்கு 15 வயது. ஒரு கடையில் அவளுக்கு 'எம்' சரியாக இருந்தது. அடுத்த கடையில் 'எக்ஸ்எல்' கொண்டுபோனாள். ஜிப் மேலே ஏறவில்லை. டிரையல் ரூமிலிருந்து நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தது. அன்று இரவு சாப்பாடு வேண்டாம் என்றாள், அடுத்த நாளும் பாதியில் எழுந்தாள். நான்கு நாள் கழித்து அவள் அம்மா கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நோட்டுப் புத்தகத்தை அவளிடம் காட்டினேன். ஒன்பது சட்டைகளையும் அவளையே அளக்கச் சொன்னேன். அளந்து முடித்துவிட்டு, "அப்படியென்றால் பாட்டியும் பெருக்கவில்லை, நானும் பெருக்கவில்லையா தாத்தா?" என்றாள். 15 வயதுப் பெண்ணும் 60 வயதைத் தாண்டிய அவள் பாட்டியும் ஒரே கேள்வியைத் தங்கள் உடம்பைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். கேட்க வைத்தது ஒரு துண்டு நாடா.

ஸ்பெயினில் அரசாங்கமே இதைக் கவலையோடு எடுத்துக்கொண்டதாகப் படித்தேன். அங்கே சுகாதாரத் துறை 12 வயது முதல் 70 வயது வரையுள்ள 10,415 பெண்களை அளந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டது. வர்த்தகத் துறை அல்ல, சுகாதாரத் துறை, கவனியுங்கள். லேபிள் ஒரு பெண்ணின் சாப்பாட்டைப் பாதிக்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். பெண்களின் உடலமைப்பில் மூன்று பெரிய வகைகளை அந்த ஆய்வு அடையாளம் கண்டது: மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ ஒரே அகலம், இடை ஒடுங்கி மேலும் கீழும் அகன்றது, மணியைப்போலக் கீழே அகன்றது. ஒரே எழுத்தை வைத்து இந்த மூவருக்கும் எப்படித் தைப்பது?

உடம்புகள் வேறு வேறு, அதனால்தான் அளவுகளை ஒன்றாக்க முடியாது என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் அது நான் கேட்காத கேள்விக்கான பதில். எல்லா நிறுவனங்களும் ஒரே சட்டையைத் தைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மெலிந்தவர்களுக்குத் தைப்பவர்கள் அப்படியே தைக்கட்டும், பருத்தவர்களுக்குத் தைப்பவர்கள் அப்படியே தைக்கட்டும். போல்ட்டிலும் ஆயிரம் வகை உண்டு. நீளம், தலை, உலோகம் எல்லாம் மாறும். 8 மில்லிமீட்டர் என்று எழுதினால் மட்டும் அது 8 மில்லிமீட்டர்தான். எழுதியது உண்மையாக இருக்க வேண்டும், அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அதற்கான வழியும் ஏற்கெனவே இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 2001 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட தரநிலை ஒன்று இருக்கிறது, எண் 13402. லேபிளில் ஒரு சிறிய மனித உருவக் கோட்டுப்படம், அதில் மார்பு இவ்வளவு, இடை இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று சென்டிமீட்டரில். அது சட்டையின் அளவு அல்ல. அந்தச் சட்டை எந்த உடம்புக்குத் தைக்கப்பட்டதோ அந்த உடம்பின் அளவு. சர்வதேசத் தரநிலை அமைப்பும் 2017-இல் 8559 என்ற எண்ணில் உடம்பை எங்கே, எப்படி அளக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. படத்தைப் பார்த்தால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்வார். ஆனால் இவை விருப்பமிருந்தால் பின்பற்றலாம் என்ற வகையைச் சேர்ந்தவை. விருப்பம் எத்தனை பேருக்கு இருந்தது என்பதற்கு என் மேஜைமேல் கிடக்கும் ஒன்பது லேபிள்களே சாட்சி. ஒன்றில்கூட உருவமும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை.

இணையத்தில் வாங்கினால் அளவு அட்டவணை இருக்கிறதே என்பார்கள். அதையும் செய்து பார்த்தேன். அட்டவணையில் மார்பு 44 என்று போட்டிருந்தது. அது உடம்பின் அளவா, சட்டையின் அளவா என்று எங்கும் எழுதவில்லை. என் மனைவியின் மார்பளவு 38. கையை வலியில்லாமல் நுழைக்கக் குறைந்தது ஐந்து அங்குலமாவது தளர்வு வேண்டும். 44 என்பது சட்டையின் அளவு என்றால் போதும். உடம்பின் அளவு என்றால் சட்டை கூடாரம்போல வந்து சேரும். வந்தது இரண்டும் இல்லை, 41 அங்குலம். திருப்பி அனுப்பினேன். அந்த நிறுவனத்தின் பத்துப் பதினைந்து உடைகளின் இணையப் பக்கங்களைத் திறந்து பார்த்தேன். குர்தாவுக்கும் அதே அட்டவணை, சட்டைக்கும் அதே அட்டவணை, பின்னல் துணிக்கும் அதே அட்டவணை. யாரோ ஒருமுறை எழுதியதை எல்லாவற்றுக்கும் கீழே ஒட்டியிருக்கிறார்கள். அங்கே தைக்கப்பட்ட எந்தச் சட்டையையும் பார்த்து அது எழுதப்படவில்லை.

உடை செய்கிறவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்தால், அவர்களிடம் கேட்கிறேன். 'எல்' இருக்கட்டும், அதன் பக்கத்தில் உடம்பளவை சென்டிமீட்டரில் எழுதுங்கள். லேபிளில் இன்னொரு வரி சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. அந்த எண் உங்கள் தாளில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாமல் உங்களால் தைக்கவே முடியாது. உங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்கும் சொல்லுங்கள் என்பதுதான். எங்களைப் போன்றவர்களுக்காகத் தைத்து முடித்த உடையின் மார்புச் சுற்றையும் கைச்சுற்றையும் இணையப் பக்கத்திலாவது போடுங்கள். உடை அளவைச் சட்டத்தால் கட்டாயமாக்கும் இடத்தில் இருப்பவர்களிடம், விருப்பம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன். கடைக்காரர்களிடம் கேட்பது இன்னும் சிறியது: ஒரு மேஜை ஓரமும் ஓர் இஞ்ச் டேப்பும். ஒரு கடையில் நான் நாடாவை எடுத்ததும், "சார், எல்லாம் ஸ்டாண்டர்ட் அளவுதான், துணியை இப்படி விரிக்காதீர்கள்" என்று கையிலிருந்து வாங்கி மடித்துவிட்டார்கள். இன்னொரு கடையில் வயதான பெண்மணி ஒருவர் என் கையில் இருந்த சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, தானே ஆறு சட்டைகளை விரித்து அளந்து, "இந்த இரண்டும் உங்களுக்குச் சரியாக இருக்கும், இதன் கை மட்டும் கொஞ்சம் பிடிக்கும்" என்றார். அவர் சொன்னபடியே இருந்தது. அந்த நீலச் சட்டைக்குப் பிறகு ஒரு வேதனையும் இல்லாமல் என் மனைவி போட்டுக்கொண்ட புதுச் சட்டைகள் அந்த இரண்டும்தான்.

இந்தக் கடிதத்தோடு என் நோட்டுப் புத்தகத்தின் நான்கு பக்கங்களை நகலெடுத்து இணைத்திருக்கிறேன். நிறுவனங்களின் பெயர்களை மறைத்திருக்கிறேன். எந்த ஒருவரையும் குற்றம் சாட்டுவது என் நோக்கமல்ல. அளவுகள் எல்லாம் இரண்டுமுறை அளந்தவை. இடமிருந்தால் வெளியிடுங்கள். வாசகர்களும் தங்கள் அலமாரியில் ஒரே லேபிள் உள்ள நான்கு உடைகளை எடுத்து அளந்து, எண்களை உங்களுக்கு எழுதினால் நன்றாக இருக்கும்.

கத்தரி வைத்த அந்தச் சட்டையை நான் தூக்கிப் போடவில்லை. அண்ணன் மகள் எடுத்துப்போய், பிரித்த தையலில் அதே நிறத் துணி ஒன்றை மூன்றரை அங்குல அகலத்தில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தாள். இன்று காலை என் மனைவி அதைத்தான் போட்டிருக்கிறார். ஏற 12 நிமிடம் ஆனது. கழுத்தில் இருந்த லேபிளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெள்ளை நாடா வைத்துத் தைத்து, அழியாத மையில் எழுதியிருக்கிறேன்: மார்பு 43, கை 17.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டர்னர் ஒருவர்